கட்டிவைத்த காற்று

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஐந்து ரோடு போக, சாலை காலியாக இருந்தால் காரில் ஐந்து நிமிடம். மாலை ஆறு மணிக்கு இருபது நிமிடம். போன ஏப்ரலில் அந்த இருபது நிமிடமும் எங்கள் வண்டியின் ஏசி புதிராக இருந்தது. வண்டி நகரும்போது குளிர்ந்த காற்று வரும். சிக்னலில் நின்று ஒரு நிமிடம் ஆனால் அதே துவாரத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று. பச்சை விழுந்து கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி குளிர்ச்சி. என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் வழக்கமான இடத்தைவிட ஒரு கோடு மேலே ஏறி நின்றது. கேஸ் குறைந்திருக்கும் என்றார்கள். அளந்து பார்த்தால் சரியாக இருந்தது. ஃபேன் ஓடியது. கம்ப்ரஸரிலும் பழுதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் முப்பது வருடமாக வண்டி ஏசி வேலை பார்க்கும் ஒரு பெரியவர். பானட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ரேடியேட்டரின் பக்கவாட்டு ஓரத்தில் பிடித்தார். புகை மேலே எழவில்லை. ரேடியேட்டருக்கும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு சந்து இருந்தது. புகை அதன் வழியே முன்பக்கம் ஓடி, ஏசியின் கண்டென்சருக்குள் இழுபட்டு மறைந்தது. “பாத்தீங்களாங்க சார், வெளியே போக வேண்டிய சூட்டுக் காத்து திரும்ப உள்ளயே சுத்துதுங்க. இங்க ஸ்பாஞ்சு இருந்திருக்கணுமே, எங்கங்க?”

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பட்டறையில் ரேடியேட்டரை மாற்றியிருந்தோம். தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்த இரண்டு கறுப்புப் பட்டைகளை அங்கே பெருக்கி ஓரத்தில் தள்ளியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குப்பை என்றுதான் நானும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எந்த வண்டியின் பானட் திறந்திருந்தாலும் நின்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பானட்டின் உட்புறம் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை இருக்கும். என்ஜினின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் திருப்பினால் அதன் அடியிலும் ஒரு நுரை. ரேடியேட்டரைச் சுற்றிப் பட்டைகள். ஏசிக் குழாய் உள்ளே நுழையும் இடத்தில் கறுப்பு உறை. முன் கண்ணாடிக்குக் கீழே நீளமான ரப்பர். மட்கார்டுக்கும் கதவுத் தூணுக்கும் இடையே, யார் கண்ணிலும் படாத இடத்தில், செங்கல் போல ஒரு நுரைக்கட்டை. சில வண்டிகளில் பேட்டரிக்கும் ஒரு சட்டை. காரைத் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு திருகையும் எண்ணிச் செலவு பார்ப்பவர்கள். அவர்கள் இத்தனை இடத்தில் நுரை வைத்திருக்கிறார்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வேலைகள் பலவாகத் தெரிந்தாலும் அடியில் ஒன்றுதான். காற்று தன் இஷ்டத்துக்குப் போகாதபடி அதைக் கட்டிவைப்பது.

முதலில் அந்தச் சந்தைப் பார்ப்போம், ஏனென்றால் வெயில் ஊரில் அதுதான் உடனே பழிவாங்குகிறது.

வண்டியின் முகப்பில் காற்று மூன்று படிகளைத் தாண்ட வேண்டும். முதலில் ஏசியின் கண்டென்சர், அதை ஒட்டிப் பின்னால் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். கண்டென்சரிலும் ரேடியேட்டரிலும் மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல்லைவிட நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே நுழைந்து போவது காற்றுக்குச் சிரமமான வழி. பக்கத்தில் ஒரு சந்து கிடைத்தால் காற்று அதைத்தான் தேர்ந்தெடுக்கும். வரப்பில் எலிவளை விழுந்த வயலில், மடையை எவ்வளவு அழகாகத் திறந்து வைத்தாலும் தண்ணீர் வளை வழியாகத்தானே போகிறது?

அந்த ஒரே சந்து இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. வண்டி நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது முகப்பில் காற்று வந்து மோதி அழுத்தம் கூடுகிறது. பின்னால் என்ஜின் அறையில் அழுத்தம் குறைவு. எனவே வெளிக்காற்று ரேடியேட்டரைத் தொடாமல் சந்து வழியே பின்னால் நழுவிவிடுகிறது. வேகமாக ஓடும்போது காற்று தாராளமாகக் கிடைப்பதால் இந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. வண்டி நின்றால் அழுத்தம் தலைகீழாகிறது. ஃபேன் இழுப்பதால் கண்டென்சருக்கு முன்னால் அழுத்தம் குறைந்து, பின்னால் என்ஜின் அறையில் கூடுகிறது. ரேடியேட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேற வேண்டிய காற்று அதே சந்து வழியாக முன்னால் ஓடி, மறுபடி ஃபேனால் இழுக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சூடு ஏறுகிறது. சிக்னலில் நின்ற ஒரு நிமிடத்தில் ஏசி தோற்றதற்கு இதுதான் காரணம்.

பல கார்களில் ஓடும் ஆர்-134ஏ வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டென்சருக்குள் அது 50 டிகிரி செல்சியஸில் திரவமாக மாற வேண்டுமென்றால் சுமார் 13 பார் அழுத்தம் போதும். கண்டென்சர் 60 டிகிரியில் இருந்தால் ஏறத்தாழ 17 பார் வேண்டும். 70 டிகிரி என்றால் 21 பார். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம்; தார்ச்சாலையின் மேல் வண்டியின் முகப்புக்கு வரும் காற்று அதைவிடச் சூடு. அதோடு தன் சொந்த வெப்பக்காற்றையும் வண்டி குடித்தால் கம்ப்ரஸர் எவ்வளவுதான் தள்ளும்? ஒரு கட்டத்தில் அழுத்தக் காப்பு சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். ஏற்காடு மலைப்பாதையிலும் இதே நிலைமைதான். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வண்டி மெதுவாகப் போகிறது, என்ஜினோ முழு பாரத்தை இழுக்கிறது. காற்று குறைவு, சூடு அதிகம். அங்கே முள் ஏறும் வண்டிகளில் தண்ணீரையும் ஃபேனையும் பார்த்துவிட்டு, ரேடியேட்டரின் ஓரத்தையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. என்ஜின் நின்று ஆறிய பிறகு.

பெரியவர் இரண்டு முழம் ரப்பர் நுரைப் பட்டையை வெட்டி, சந்தின் நீளத்துக்கு ஒட்டி, மேல் ஓரத்தையும் அடைத்தார். மறுநாள் மாலை ஐந்து ரோடு சிக்னலில் மூன்று நிமிடம் நின்றோம். குளிர் மாறவில்லை.

நுரை என்றால் என்ன என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கார்களில் அதிகம் காணப்படுவது பாலியூரித்தேன். ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் 1937-இல் உருவாக்கிய பொருள். அதன் மூலப்பொருளான ஐசோசயனேட் தண்ணீரோடு சேரும்போது கரியமில வாயு வெளிப்பட்டு, இட்லி மாவு பொங்குவது போலப் பொங்குகிறது. பொங்கிய நிலையிலேயே இறுகிவிடுகிறது. நுரைக்காத பாலியூரித்தேன் ஒரு கன மீட்டர் சுமார் 1,200 கிலோ எடையிருக்கும். மென்மையான நுரை 30 கிலோ அளவில்தான் இருக்கும். ஆக, கையில் பிடித்திருக்கும் ஸ்பாஞ்சில் நூறில் இரண்டு மூன்று பங்குதான் பொருள். மீதி எல்லாம் காற்று. நாம் காசு கொடுத்து வாங்குவது காற்றை. அந்தக் கொஞ்சப் பொருள் அதை அசையவிடாமல் பிடித்திருக்கும் கூடு.

அசையாத காற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வெள்ளிக் கம்பியின் ஒரு முனையைச் சுடரில் காட்டினால் மறுமுனையைக் கையில் பிடிக்க முடியாது. உலோகங்களிலேயே வெப்பத்தை அதிகம் கடத்துவது வெள்ளிதான். அதன் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 430. அசையாத காற்றுக்கு 0.026. அதாவது வெள்ளியைவிடக் காற்று பதினாறாயிரம் மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆனால் காற்றைச் சும்மா விட்டால் அது நிற்காது. சூடான பக்கத்தில் இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்த பக்கத்தில் கனத்து இறங்கும். இந்தச் சுழற்சி வெப்பத்தைச் சுமந்து போய்விடும். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்துவிட்டால் சுழல இடமில்லை. மாங்காயை வைக்கோலில் பொதிந்து பழுக்க வைத்தவர்களும், ஐஸ்கட்டியை மரத்தூளில் புதைத்து மைல் கணக்கில் கொண்டுபோனவர்களும் இதைத்தான் செய்தார்கள். ஒருவர் சூட்டை உள்ளே காத்தார், இன்னொருவர் வெளியே நிறுத்தினார். வைக்கோலுக்கும் மரத்தூளுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டும் காற்றை அசையாமல் பிடித்திருந்தன, அவ்வளவுதான்.

நுரையில் இரண்டு சாதி உண்டு. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை வாயில் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வரும். அதன் அறைகளுக்கு இடையே வாசல்கள் திறந்திருக்கின்றன. ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்தை என்ன ஊதினாலும் காற்று போகாது. அதன் அறைகள் ஒவ்வொன்றும் மூடிய பெட்டி. சந்தை அடைக்கவும் தண்ணீரைத் தடுக்கவும் மூடிய அறை நுரை வேண்டும். சத்தத்தை விழுங்கத் திறந்த அறை நுரை வேண்டும். இடம் மாற்றி வைத்தால் இரண்டும் பயன்படாது. ரேடியேட்டர் ஓரத்தில் மெத்தை ஸ்பாஞ்சை வைத்தால் காற்று அதன் வழியே கசியும், மழைநீரைக் குடித்து வைத்திருந்து இரும்பைத் துருப்பிடிக்கவும் வைக்கும்.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சூட்டைத் தாங்குவதும் சூட்டைத் தடுப்பதும் வேறு வேறு என்பதை ஊருக்கு வடக்கே கிடக்கும் மேக்னசைட் வெள்ளைக்கல்லே சொல்லித்தரும். அதைச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு உருக 2,800 டிகிரி வேண்டும். இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவர்ச் செங்கல் அதில் செய்யப்படுகிறது. ஆனால் அந்தச் செங்கல் உலைச் செங்கல்களுக்குள் வெப்பத்தைச் சற்று நன்றாகவே கடத்தும் இனம். தான் உருகாது, அவ்வளவே. தன் வழியே சூடு வெளியே போவதை அது பெரிதாகத் தடுக்காது. அதனால் உலை கட்டுபவர்கள் அதன் பின்னால் துளைகள் நிறைந்த இலேசான இன்னொரு செங்கலை அடுக்குகிறார்கள். முன்வரிசை நெருப்பைத் தாங்கும். பின்வரிசை, தன் துளைகளில் இருக்கும் காற்றால், சூட்டை நிறுத்தும்.

என்ஜின் அறையிலும் இதே இரண்டு வரிசை உண்டு. என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயின் தொடக்கம் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். டர்போ உள்ள வண்டியில் முழு பாரத்தில் அது சிவந்தே போகலாம். அங்கே எந்த நுரையும் நிற்காது. சாதாரண பாலியூரித்தேன் 100 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தாலே மஞ்சளித்து, காய்ந்த ரொட்டி போல நொறுங்கத் தொடங்கும். மெலமின் நுரை 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். கண்ணாடி இழைப் பஞ்சு அதற்கும் மேல். புகைக்குழாய்க்கு அருகில் முதல் காவலாக நிற்பது ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் எப்படிச் சூட்டைத் தடுக்கும் என்று கேட்கத் தோன்றும். அவ்வளவு சூட்டில் வெப்பம் பெரும்பாலும் கதிராகப் பாய்கிறது. பொருளின் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கதிர்வீச்சு பெருகும். 100 டிகிரியில் இருக்கும் குழாயைவிட 400 டிகிரியில் இருக்கும் குழாய் பத்து மடங்குக்கு மேல் கதிர்வீசும். பளபளக்கும் அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் நூறில் தொண்ணூறுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டிலிருந்து மேட்டூரின் மால்கோ ஆலை 1960-களிலிருந்து பல பத்தாண்டுகள் எடுத்துவந்தது இந்த உலோகத்தைத்தான். தகடு கதிரைத் திருப்பியபின் மிச்சச் சூட்டை நிறுத்துவது அதன் பின்னால் இருக்கும் இழைப்பஞ்சும் நுரையும். இந்தத் தகடு அதிர்ந்து சத்தம் போடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அது பின்னால் இருக்கும் வயரிங்கையும் பிளாஸ்டிக்கையும் நேரே அடுப்பில் காட்டுவதற்குச் சமம்.

பானட்டின் மெத்தைக்கு வருவோம். நிற்கும் வண்டியில் பானட் தகடு மேலே வெயிலிலும் கீழே என்ஜின் சூட்டிலும் இருபுறம் வாட்டப்படுகிறது. என்ஜினை நிறுத்தியதும் சூடு தணிந்துவிடும் என்று நினைப்போம். நடப்பது வேறு. தண்ணீர்ப் பம்பும் ஃபேனும் நின்றுவிடுவதால் என்ஜின் இரும்பில் தேங்கியிருக்கும் வெப்பம் போக வழியில்லாமல் மேலே எழுகிறது. பானட்டுக்கடியில் இருக்கும் காற்று அடுத்த சில நிமிடங்களில் இன்னும் சூடாகிறது. அந்த நேரத்தில் பெயிண்ட்டைக் காப்பது இந்த மெத்தைதான். அதைக் கண்ணாடி இழையிலோ நுரையிலோ, கழிவுத்துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கி அழுத்திய கம்பளத்திலோ செய்கிறார்கள். நூற்பாலைகளும் தறிகளும் நிறைந்த நம் பக்கத்தில் கழிவுப் பஞ்சு என்று மூட்டை கட்டிப் போகும் சரக்குக்கு இப்படியும் ஒரு மறுபிறவி உண்டு. பேட்டரியின் சட்டையும் இதே காரணத்துக்காகத்தான். ஈய-அமில பேட்டரியின் சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் உள்ள நடைமுறைக் கணக்கு. சட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி இரண்டு வருடம்கூட வரவில்லையே என்று வருந்துவோர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

மெத்தையின் இரண்டாவது வேலை சத்தம். அது நுட்பமான விஷயம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒலி என்பது காற்றின் அசைவு. திறந்த அறை நுரைக்குள் ஒலி நுழையும்போது காற்று அந்தக் குறுகிய வாசல்கள் வழியே முன்னும் பின்னும் உரசிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. உராய்வில் ஒலியின் ஆற்றல் மிகச் சிறிய அளவு வெப்பமாக மாறிக் கரைகிறது. ஆனால் சுவரை ஒட்டிய காற்று முன்னும் பின்னும் ஓட முடியாது; சுவர் விடாது. சுவரிலிருந்து ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு தள்ளித்தான் காற்று அதிகமாக அசைகிறது. அந்த இடம் வரை நுரை எட்டினால்தான் நன்றாக விழுங்கும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை சென்டிமீட்டர். கால் பங்கு இரண்டு சென்டிமீட்டர். அந்தத் தடிமனில் மெத்தை போட்டுவிடலாம். டீசல் இன்ஜெக்டரின் டிக்டிக், செயினின் கிணுகிணுப்பு போன்ற கூர்மையான சத்தங்கள் இப்படி அடங்கும். என்ஜின் மேல்மூடியின் அடியில் நுரை இருப்பது இதற்காகவே.

அடித்தொண்டை உறுமலின் கணக்கு வேறு. நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கால் பங்கு 85 சென்டிமீட்டர். அவ்வளவு தடிமனான நுரையைக் காரில் எங்கே வைப்பது? அந்த உறுமலை நிறுத்த எடைதான் வேண்டும். தடுப்பின் எடை இரட்டிப்பானால் கடந்து வரும் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது ஒலியியலின் பழைய விதி. எடையை இரட்டித்துக்கொண்டே போனால் கார் லாரியாகிவிடும். அதனால் என்ஜினுக்கும் நம் காலடிக்கும் நடுவே இருக்கும் இரும்புச் சுவரின் மேல் முதலில் நுரை அல்லது கம்பளம், அதன் மேல் கனமான ரப்பர் போன்ற விரிப்பு என்று அடுக்குகிறார்கள். இரும்பு ஒரு எடை, விரிப்பு ஒரு எடை, நடுவில் நுரை ஒரு வில்லுச்சுருள். இரும்பு அதிர்ந்தாலும் அந்த அதிர்வு நுரையில் தளர்ந்து, விரிப்புக்கு முழுதாகப் போய்ச் சேராது. அதே எடையுள்ள ஒற்றைத் தகட்டைவிட இந்த மூன்றடுக்கு, பெரும்பாலான ஒலிகளுக்கு, மிக நன்றாகத் தடுக்கும்.

எவ்வளவு நன்றாக அடுக்கினாலும் ஓட்டை இருந்தால் பாடு வீண். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு மட்டும் திறந்திருந்தால், மீதி தொண்ணூற்றொன்பது பங்கும் கோட்டைச் சுவராகவே இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. வயர்கள் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் வைப்பதும், மட்கார்டுக்குள் யார் கண்ணிலும் படாத நுரைக்கட்டை வைப்பதும் அதனால்தான். அந்தக் கட்டை இல்லாவிட்டால் மட்கார்டின் உள்வெளி ஒரு குழல்போல ஆகி, என்ஜின் சத்தத்தையும் டயர் சத்தத்தையும் கதவுத் தூண் வரை கொண்டுவந்து சேர்க்கும். பம்பர் அடிபட்டுத் தகடு வேலை பார்த்த வண்டிகளில் அடிக்கடி காணாமல் போகும் பொருள் இது. வேலை முடிந்து வந்த வண்டியில் ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் கூடியிருந்தால் முதலில் இதைத் தேடலாம். தெருவில் நடப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2005 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பயணியர் கார்கள் கடந்து செல்லும்போது 74 டெசிபெலுக்கு மேல் சத்தம் எழுப்பக்கூடாது என்பது இந்தியாவில் விதி. அந்த எண்ணுக்குள் வண்டியை அடக்குவதில் பானட் மெத்தைக்கும் கொஞ்சம் பொறுப்பு இருக்கிறது.

முன் கண்ணாடிக்குக் கீழே, பானட்டின் பின்விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுருக்கமாகச் சொன்னாலும் எல்லாவற்றிலும் அதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. நாம் உள்ளே சுவாசிக்க ஏசியின் ஊதுவிசிறி வெளிக்காற்றை எடுக்கும் வாய் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பட்டை கிழிந்திருந்தால் என்ஜின் அறையின் சூடும் எண்ணெய் வாடையும் நேரே உள்ளே வரும். புகைக்குழாயில் கசிவும் சேர்ந்துகொண்டால் கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காருக்குள் என்ஜின் வாடை அடித்தால் வாசனை டப்பா வாங்கி வைக்காமல் இந்தப் பட்டையையும் புகைக்குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏசிக் குழாயின் கறுப்பு உறை மூடிய அறை ரப்பர் நுரை. உள்ளே ஓடும் வாயு ஐந்தாறு டிகிரி குளிர்ச்சியில் இருக்கும்; சுற்றிலும் என்ஜின் சூடு. உறை இல்லாவிட்டால் குளிரைக் கொடுப்பதற்கு முன்பே அந்த வாயு சூட்டை வாங்கிக்கொள்ளும். ஐப்பசி மழைக்காலத்தில் குழாய் வியர்த்து, சொட்டிய நீர் வயர் இணைப்புகளில் இறங்கும். டேஷ்போர்டு துவாரத்திலிருந்து கறுப்புத் துகள்கள் பறந்து வந்து மடியில் விழுகின்றனவா? உள்ளே இருக்கும் காற்றுத் தடுப்புக் கதவுகளில் ஒட்டியிருந்த நுரை ஆயுள் முடிந்து உதிர்கிறது என்று அர்த்தம்.

நுரைக்கு ஆயுள் உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தினமும் சூடாகி ஆறுவதும் ஈரமும் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. வாட்டர் சர்வீஸில் அழுத்தத் துப்பாக்கியை நேரே பிடித்தால் மேல்தோல் கிழிந்து உட்பகுதி தண்ணீரைக் குடிக்கும். எலிகள் பானட் மெத்தையைப் பிய்த்து அங்கேயே கூடு கட்டிக்கொள்ளும். இரவில் என்ஜின் கதகதப்பும் பஞ்சும் ஒரே இடத்தில் கிடைத்தால் எலி வேறெங்கே போகும்? இவற்றில் மிக ஆபத்தானது எண்ணெய் கசிந்து ஊறிய மெத்தை. ஆயிலோ டீசலோ குடித்த பஞ்சு விளக்குத் திரிக்குச் சமம். அதைத் துடைத்துப் பயன்படுத்தக்கூடாது, மாற்றிவிட வேண்டும்.

மாற்றும்போது மெத்தைக்கடை ஸ்பாஞ்சை வாங்கி ஒட்டுவது மலிவாகத் தோன்றும். தீத்தடுப்பு சேர்க்காத அந்த நுரை தீப்பிடித்தால் நொடிகளில் பரவும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். வண்டிக்கென்று செய்த பாகம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால், சந்தை அடைக்க மட்டும், ஏசிக் கடைகளில் கிடைக்கும் மூடிய அறை ரப்பர் நுரை போதும். புகைக்குழாய்க்கு எட்டாத தூரத்தில், ஃபேனும் பெல்ட்டும் இழுக்காத இடத்தில் ஒட்ட வேண்டும். அதிகம் வைத்தால் அதிகம் நன்மை என்றும் எண்ண வேண்டாம். என்ஜின் அறைக்குள் வரும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். தண்ணீர் வடியும் துவாரத்தில் நுரையைத் திணித்துவிட்டு, மழையில் தரைவிரிப்பு நனைகிறதே என்று வந்த வண்டியையும் பெரியவரின் கடையில் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் காரைப் பற்றி. சேலத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போனால் நாமக்கல். அங்கே நுரையின் கணக்கு இன்னும் கனமானது. லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளால் பெயர்பெற்ற ஊர் அது. ஆலையிலிருந்து சேசிஸும் என்ஜினும் ஸ்டீயரிங்கும் மட்டும் வரும். ஓட்டுநர் உட்காரும் அறையை மரத்தாலும் தகட்டாலும் இங்கே கட்டுவார்கள். பழைய லாரிகளில் என்ஜினின் ஒரு பகுதி ஓட்டுநரின் இடது காலுக்கு அருகில், அறைக்குள்ளேயே, ஒரு மூடிக்கடியில் இருக்கும். அந்த மூடியின் மேல் சாக்கையும் பழைய போர்வையையும் மடித்துப் போட்டுக்கொண்டு நாக்பூருக்கும் டெல்லிக்கும் ஓட்டிய தலைமுறை சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அந்தச் சாக்கு சணல் இழைகளுக்கு நடுவே கட்டிவைத்த காற்று. யாரும் சொல்லித்தராமலே அவர்கள் சரியான பொருளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சூட்டுக்கு அது ஓரளவு போதும். சத்தத்துக்குப் போதாது. காதுக்கு 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரம்பு, அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் வரையறை. எட்டு மணி நேரத்தோடு இறங்கிக்கொள்ளும் லாரி ஓட்டுநர் எத்தனை பேர்? மூத்த ஓட்டுநர்களிடம் பேசும்போது நாம் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. அது வயதால் மட்டும் வந்ததாக நான் நம்பவில்லை.

2025 முதல் புதிய நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம் ஆகியிருக்கிறது. நெடுங்காலம் தாமதமாக வந்த நல்ல விதி. ஆனால் சந்து நிறைந்த அறையில் ஏசியைப் பொருத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. என்ஜின் மூடியின் விளிம்பு, கியர் கம்பியும் பெடல்களும் தரையைத் துளைத்து வரும் இடங்கள், கதவின் கீழ்விளிம்பு இவை எல்லாம் அடைபட்டால்தான் ஏசி ஏசியாக இருக்கும். அப்போது சத்தமும் சேர்ந்தே குறையும், ஏனென்றால் இரண்டும் ஒரே வழியாகத்தான் வருகின்றன.

நாமக்கல்லில் நான் பார்த்த ஒரு பட்டறையில், புதிதாகக் கட்டிய அறையின் தரையில் நுரைத் தாளை ஒட்டி, மேலே கனமான ரப்பர் விரிப்பைப் போட்டு முடித்திருந்தார்கள். இருட்டிய பிறகு மேஸ்திரி ஒரு நூறு வாட் பல்பை உள்ளே தொங்கவிட்டு, கதவுகளைச் சாத்தி, கொட்டகை விளக்கை அணைக்கச் சொன்னார். பிறகு வண்டியைச் சுற்றி மெல்ல நடந்தார். பெடல் பக்கம் குனிந்து பார்த்தபோது தரைக்கடியில் ஊசி நுழையும் அகலத்துக்கு ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. சாக்பீஸால் அந்த இடத்தில் வட்டம் போட்டார். “வெளிச்சம் வர்ற பக்கம் சூடும் வருமுங்க, சத்தமும் வருமுங்க,” என்றார். அன்று இரவு அந்த லாரியின் அடியில் ஏழு வட்டங்கள் விழுந்தன.